நவமணியின் அந்நிய பாஷை

9

ஒரு வாரமாக நவமணியைக் கண்டவர்கள் நின்று பேசினார்கள். பதினாறு வருடமாக இல்லாத வழக்கம்.

மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது அடுத்த நிரையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். குழாயடியில் அவள் வாளிக்கு வழி விட்டார்கள். நேற்று, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில், வாசலோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்காரப் போனவளைக் கை பிடித்து நடுப்பாய்க்குக் கூட்டிப் போனார்கள்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது.

எஸ்டேட்டில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆறு. மூன்று வருடத்துக்கு முன் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து பாஸ்டர் மலையேறி வரத் தொடங்கினார். அதன் பிறகு ஒவ்வொருவராக அந்நிய பாஷை வரம் பெற்றார்கள். ஜெபம் முற்றும்போது வாயில் வரும் பாஷை. மண்ணில் யாருக்கும் புரியாது. ஆண்டவருக்குப் புரியும். முதலில் பெற்றவள் நவமணியின் நாத்தனார் அன்னபாக்கியம். கடைசியில் பெறாமல் நின்றவள் நவமணி ஒருத்தி.

போன வார வெள்ளிக்கிழமை அவளை முழங்காலில் நிறுத்தினார்கள். தலையில் கை மேல் கையாக வைத்து இரண்டு மணி நேரம் ஜெபித்தார்கள். கதவு சாத்தியிருந்தது. தொண்டை வறண்டது. கண் இருட்டியது. அவளை அறியாமல் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தது.

"தேவ்."

"தேவாங்கிறா!" அன்னபாக்கியம் வாய்விட்டு அழுதாள். "விட்டுடாதே நவமணி, வாயைத் திற!"

தேவ் என்றால் தண்ணீர். காட்டோரத்துச் செமாய் ஜனங்களின் பாஷையில்.

இரண்டாவது சொல்லிலேயே நவமணிக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். அவள் மூன்றாவதைச் சொன்னாள். நான்காவதையும் சொன்னாள். குளிர், விறகு, மழை வருது, வீட்டுக்கு வா. சின்ன வயதில் பேசியதெல்லாம் முன்பின்னாக வந்தது. கைகள் தலையை விட்டு இறங்கி அவளைக் கட்டிக்கொண்டன.

முதல் சொல் விழுந்தபோது, ஜெபத்தோடு ஒலித்துக்கொண்டிருந்த ஆர்மோனியம் ஒரு கணம் நின்றது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வாசித்தவன் அவள் புருஷன் வேதமுத்து.

அந்த ஒரு கணம்தான் எட்டு நாளாக அவளைத் தூங்க விடவில்லை.

*

சனிக்கிழமை காலை வேதமுத்து வேதம் வாசித்தான். எஜமான் மூன்று வேலைக்காரரிடம் தாலந்து என்ற பணத்தைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போன கதை. இரண்டு பேர் வாங்கியதைப் பெருக்கினார்கள். ஒன்றே ஒன்றை வாங்கியவன் பயந்துபோய் மண்ணைத் தோண்டிப் புதைத்தான்.

ஒரு வாரமாக இதே கதைதான். நாளை ரிங்லெட் மண்டபத்தில் வருடாந்தரத் தாலந்து ஞாயிறு. ஒவ்வொரு குடும்பமும் முன்னே வந்து நிற்க வேண்டும். கர்த்தர் தங்களுக்குக் கொடுத்தது இன்னது என்று சொல்லி, அங்கேயே அதைச் செய்து காட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுத்திருந்தார் பாஸ்டர். மேலே பெயர். கீழே தாலந்து.

புதைத்தவன் எஜமானுக்குப் பயந்தான் என்று கதை சொன்னது. அக்கம்பக்கத்துக்கும் பயந்திருப்பான் என்று நவமணிக்குத் தோன்றியது.

அன்னபாக்கியம் தன் வேதப் புத்தகத்திலிருந்து நான்கு சீட்டுகளை எடுத்தாள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. வீட்டில் அவள் சொல்தான் கடைசிச் சொல்.

"தம்பிக்கு ஆர்மோனியம். எனக்கு ஜெப வரம். ஜெயாவுக்குப் பாட்டு. நவமணிக்கு..." கொஞ்சம் நிறுத்தினாள். "மூணு வருஷமா வெறுஞ்சீட்டாக் கெடந்தது. இப்ப கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு."

சீட்டில் 'அந்நிய பாஷை' என்று இருந்தது. அன்னபாக்கியத்தின் கையெழுத்து.

"நீ எழுதுறேன் எழுதுறேன்னு நாளைக் கடத்துறே. நானே எழுதிட்டேன்."

"மைனி, நாளைக்கு என்னைப் பேசச் சொல்ல மாட்டாங்கள்ல?"

"நல்லாக் கேட்டே போ. தாப்பா சபை வருது, பீடோர் சபை வருது. ஒன்னைப் பாக்கத்தான் வராங்க."

"தொண்டை சரியில்ல."

"நேத்தும் அதான் சொன்னே. மிளகு ரசம் வச்சுக் குடி. வாயைத் திறக்கிறது ஒன் வேலை. நிரப்புறது அவர் வேலை."

ஜெயா பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. நல்ல குரல். அதை அவளும் அறிந்திருந்தாள்.

"அம்மா, இதக் கேளுங்க. நீங்க அன்னைக்குச் சொன்னத வச்சே கட்டுனேன். பல்லவி மட்டுந்தான்."

இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுக் கை தட்டிப் பாடினாள்.

"தேவ், தேவ், வாரும் தேவ்..."

"ஸ்தோத்திரம்," என்றாள் அன்னபாக்கியம்.

மெட்டு நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம். தண்ணீர், தண்ணீர், வாரும் தண்ணீர் என்று அவள் மகள் கண்ணை மூடிப் பாடினாள். நாளை ஒரு மண்டபமே கை தட்டி அதைப் பாடும்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அர்த்தம் என்னாம்மா? ஒங்களுக்காவது தெரியுமா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது," என்றாள் அன்னபாக்கியம். "அர்த்தம் சொல்றது வேற வரம்."

நவமணி வேதமுத்துவைப் பார்த்தாள். அவன் குனிந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"நேரமாச்சு," என்றான். பேக்டரிக்குப் போய்விட்டான்.

எட்டு நாளாக அவன் பேசியது இவ்வளவுதான். நேரமாச்சு. சோறு போடு. விளக்கை அணை.

*

அன்று எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து. பனி இறங்கி நின்றது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. செடியில் கை படும் சத்தம் மட்டும் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று சொன்னது.

"ஒம்போதாம் நம்பர் பக்கம் போகாதீங்க," கொழுந்தை மேற்பார்க்கும் மண்டோர் முருகையா குரல் கொடுத்துக்கொண்டே போனார். "நேத்துதான் பூச்சி மருந்து அடிச்சிருக்கு."

ஆற்றோரம் மருந்துக்காரர்கள் கழுவிக் கவிழ்த்த சிவப்பு டின்கள் இருந்தன. அதற்கு அப்பால் காடு.

அடுத்த நிரையிலிருந்து சரோஜா நெருங்கி வந்தாள். லயத்தில் மூன்றாவது வீட்டுக்காரி. மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவள். இத்தனை வருடத்தில் நவமணியிடம் அவள் கேட்டதெல்லாம் தீப்பெட்டியும் உப்பும்தான்.

"அக்கா, ஒங்க சாமி ஒங்க வாயில பேசுதாமே."

"யாரு சொன்னா?"

"எஸ்டேட்டே சொல்லுது லா. எம் பொண்ணுக்கு மாப்பிள்ளை எப்ப அமையும்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்."

"அது அப்படிக் கேக்குறது இல்ல சரோஜா."

"பின்ன? எங்க பக்கம் கோடாங்கிகிட்டப் போனா டக்குனு சொல்லிருவாரு."

"அவருகிட்டயே கேளு. அவருதான் தமிழ்ல சொல்லுவாரு."

சரோஜா சிரித்தாள். நவமணியும் சிரித்தாள். இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் நவமணிக்கு நாளைய நினைப்பு வந்தது. நாளைக்குப் பொய் வெளுத்துவிட்டால் இந்தச் சிரிப்பும் போய்விடும். வெளுக்காவிட்டால் வருகிற ஞாயிறெல்லாம் பொய் சொல்ல வேண்டும்.

நவமணியின் அப்பா எஸ்டேட்டின் தண்ணீர்த் தொட்டிக்குக் காவல். தொட்டி மலை உச்சியில், காட்டு விளிம்பில் இருந்தது. அங்கே லயம் கிடையாது. ஒரு தகர வீடு, அப்பா, அவள். அம்மா அவள் பிறந்த வருடமே போய்விட்டாள். கூப்பிடு தூரத்தில் இருந்தது செமாய்க் குடியிருப்பு ஒன்றுதான். அந்தப் பிள்ளைகளோடு ஓடினாள், அவர்கள் அடுப்பில் மரவள்ளி சுட்டுத் தின்றாள். அவர்கள் பாஷை எப்போது தன் வாய்க்குள் வந்தது என்று அவளுக்கே தெரியாது. பத்து வயதில் அப்பா செத்தார். சித்தப்பா லயத்துக்குக் கூட்டி வந்தார். அதோடு சரி.

கல்யாணமான புதிதில் ஒரு முறை பேசினாள். தேன் விற்க வந்த செமாய்க் கிழவர் வாசலில் நின்று தேவ் என்று கேட்டார். ஒரு செம்பு மொண்டு கொடுத்தாள். அவர் குடித்தார். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து கால்மணி நேரம் பேசினார்கள். லயமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. மறுநாள் குழாயடியில் அவளுக்குப் பேர் விழுந்தது. சக்காய்க்காரி. அது அந்த ஜனங்களை மட்டம் தட்டும் பேர். அவளைத் தட்டவும் உதவியது.

"அந்தப் பாஷை வேணாம்," என்றான் வேதமுத்து. அதட்டவில்லை. கெஞ்சினான்.

அவள் விட்டுவிட்டாள். பேர் போக ஐந்து வருடமானது. பேர் போன பிறகும் யாரும் பக்கத்தில் வரவில்லை.

*

சனிக்கிழமைகளில் நிறுவை சீக்கிரம் முடியும். கொழுந்தைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அன்னபாக்கியத்துக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். அன்றும் போனாள்.

ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறையும் ஒரு பெஞ்சும். டிரெஸ்ஸர் செல்லையாதான் அங்கே டாக்டர், கம்பவுண்டர் எல்லாம்.

படியில் கால் வைக்கும்போது சத்தம் கேட்டது.

"தேவ்! தேவ்!"

ஜெயா என்று நினைத்தாள். ஆனால் மெட்டு இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெஞ்சில் ஒரு செமாய்ப் பெண். இருபது வயதுக்கு மேல் இராது. மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் வாயோரம் நுரை. கைகால் வெட்டி வெட்டி இழுத்தன.

செல்லையா மலாயில் கேட்டார். "சாக்கிட் ஆப்பா? பிராப்பா ஹாரி?"

என்ன நோவு, எத்தனை நாள். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். எதைக் கேட்டாலும் ஆட்டினாள்.

"ஒண்ணும் வெளங்கல லா. உள்காட்டு ஆளு போல. மலாயும் தெரியல." செல்லையா நெற்றியைத் துடைத்தார். "வலிப்புதான். வலிப்பு ஊசியைப் போட்டுற வேண்டியதுதான்."

"தேவ்!" என்றாள் அந்தப் பெண்.

"தேவா தேவான்னு கதறுது பாருங்க," என்றாள் அன்னபாக்கியம். கண் கலங்கியிருந்தது. "காட்டுல கெடக்குற சனம். இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஒங்க சாமியக் கூப்பிடல அக்கா. சாடையப் பாருங்க. கைய வாய்க்குக் கொண்டு போறா. தண்ணி கேக்குறா. பிள்ளைக்குத் தாகம்," என்றார் டிரெஸ்ஸர்.

செல்லையா கூஜாவிலிருந்து தம்ளரில் ஊற்றிக் குழந்தையின் வாய்ப்பக்கம் கொண்டுபோனார்.

அந்தப் பெண் தம்ளரை அறைந்து தள்ளினாள். அது சுவரில் மோதி உருண்டது.

"பைத்தியமா?" என்றார் செல்லையா.

நவமணிக்கு எல்லாம் புரிந்தது. கொடு என்று அந்தப் பெண் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தண்ணீர், டின், குடிச்சிட்டா, குடிச்சிட்டா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யாரும் நவமணியைப் பார்க்கவில்லை. தூக்கைப் படியில் வைத்துவிட்டுப் போகலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் செல்லையாவே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்காமலும் போகலாம்.

நடுப்பாய் நினைவுக்கு வந்தது. இந்தப் பக்கம் ஒருத்தி தோள், அந்தப் பக்கம் ஒருத்தி தோள். மலைக்குளிரில் அது எவ்வளவு கதகதப்பாக இருந்தது. வாசலோரம் எப்போதும் காற்று.

செல்லையா ஊசியைக் குப்பிக்குள் இறக்கினார்.

நவமணி தூக்கைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அவ தண்ணி கேக்கல டிரெஸ்ஸர். குடுக்காதீங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பெஞ்சுக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எந்தத் தண்ணீர்?

அந்தப் பெண் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். பிறகு கொட்டினாள்.

அவள் வேகத்துக்கு நவமணியால் ஓட முடியவில்லை. நவமணியிடம் இருந்தது பத்து வயதுப் பிள்ளையின் பாஷை. பெரியவர்களின் சொற்கள் அவளிடம் இல்லை. மெல்ல, மெல்ல என்றாள். விஷம் என்பதற்குச் சொல் தெரியவில்லை. கெட்ட தண்ணீரா என்று கேட்டாள். டின் என்ன நிறம் என்று கேட்டாள். அந்தப் பெண் அறையைச் சுற்றிப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டே எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் மேல் விரலை வைத்தாள்.

சிவப்பு.

"ஆத்தோரம் கெடந்த செவப்பு டின்னு டிரெஸ்ஸர். மருந்துக்காரங்க கழுவி வச்சது. காலையில அதுல தண்ணி மொண்டிருக்கா. பிள்ளை குடிச்சிருக்கு."

செல்லையா குழந்தையின் வாயை முகர்ந்தார். இமையை விலக்கி டார்ச் அடித்தார்.

"கண்மணி ஊசிமுனையாட்டம் இருக்கு." கையிலிருந்த ஊசியைத் தட்டில் போட்டார். "பூச்சி மருந்து. அக்கா, அந்த அலமாரி, மேல் தட்டு, சின்னக் குப்பி. ஓடுங்க!"

வேறு ஊசி போட்டார். குழந்தையைத் துடைக்கச் சொன்னார். ஆபீசுக்குப் போன் செய்து லேண்ட் ரோவர் கேட்டார். எப்போது குடித்தது, எவ்வளவு, வாந்தி எடுத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நவமணி அந்தப் பக்கம் சொன்னாள், இந்தப் பக்கம் சொன்னாள். யாரும் அவளை ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. நேரமில்லை.

பிறகு நேரம் வந்தது. வண்டிக்காகக் காத்திருக்கும் நேரம்.

அன்னபாக்கியம் ஈரத்துணியால் குழந்தையின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அந்தச் சொல்லு," என்றாள்.

நவமணி தண்ணீர்ப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இவ கத்துனாளே. தேவ்."

"தண்ணி மைனி."

"நீ சொன்னது?"

"அதுவும் தண்ணிதான்."

துணி நின்றது. அன்னபாக்கியம் அதைத் திருப்பி மடித்தாள். மறுபடி துடைத்தாள்.

"நான் அழுதேன்டி," என்றாள். "அத்தன பேரு முன்னால. மூணு வருஷம் ஒனக்காக உபவாசம் இருந்திருக்கேன். நீ உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பே."

"இல்ல மைனி. எல்லாரும் கட்டிப் பிடிச்சீங்க. எனக்கு அழுகை வந்துச்சு. அதான் நிறுத்தல."

அன்னபாக்கியம் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள். ஆனால் வெகுநேரம் பார்த்தாள்.

"இவகிட்ட ஒண்ணு கேளு," என்றாள் கடைசியில்.

"என்ன மைனி?"

"பிள்ளைக்காக ஜெபிக்கட்டுமான்னு கேளு. நான் பாட்டுக்குத் தலையில கை வச்சா மிரண்டுருவா."

நவமணிக்கு ஜெபம் என்பதற்குச் சொல் தெரியவில்லை. இவள் பிள்ளையின் தலையில் கை வைக்கலாமா என்று கேட்டாள். அந்தப் பெண் அன்னபாக்கியத்தின் கையைப் பிடித்து, தானே குழந்தையின் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

அன்னபாக்கியம் ஜெபித்தாள். தமிழில். மெதுவாக.

*

வண்டி வந்தது. டிரைவர் வீரப்பன் பின்கதவைத் திறந்தான். செல்லையா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். தாயும் ஏறினாள்.

"நீயும் ஏறு," என்றார் செல்லையா. "தானா ராத்தா பெரியாஸ்பத்திரியில இவளுக்கு யாரு பேசுவா?"

"எப்பத் திரும்புவோம்?"

"அது பிள்ளை கையில இருக்கு. நாளைக்கும் ஆகலாம், நாளன்னைக்கும் ஆகலாம்."

நவமணி அன்னபாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"சீட்டு எம் புஸ்தகத்துல இருக்கு," என்றாள் அன்னபாக்கியம். "நாளைக்குப் பாஸ்டர் கேப்பாரு. நான் என்னா சொல்ல?"

"நீங்கதானே எழுதுனீங்க மைனி. என்ன சொல்லணும்னு தோணுதோ சொல்லுங்க."

"ஜெயா பாட்டு?"



வீரப்பன் ஹாரன் அடித்தான். வண்டியில் கால் வைக்கும்போது பேக்டரிப் பாதையிலிருந்து வேதமுத்து ஓடி வந்தான். எஸ்டேட்டில் சேதி கால் முளைத்து ஓடும். கையெல்லாம் இலைச்சாற்றின் கறுப்பு. அக்குளில் அவளுடைய கம்பளிச் சட்டை. வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருக்கிறான்.

"குளிரும்," என்றான். நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள்.

அவன் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தான்.

"அந்தப் பாஷையில எனக்கு ஒரே ஒரு சொல்லுதான் தெரியும். தேன்காரக் கெழவரு கேட்டாரே, அது."

"எட்டு நாளா ஒண்ணும் கேக்கலையே."

"எதைக் கேப்பேன்? பேசாதேன்னு சொன்னவனே நான்தான்."

"ஏம்மா, பிள்ளை இழுத்துக்கிட்டு இருக்கு!" என்றார் செல்லையா உள்ளேயிருந்து.

வேதமுத்து ஓரடி முன்னால் வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"நீ சாமிய எல்லாம் கூப்பிடல. தண்ணி கேட்டே. எனக்கு வெளங்குச்சு. எட்டடி தூரத்துல தண்ணிப் பானை இருந்துச்சு." நிறுத்தினான். "நான் எந்திரிக்கல நவமணி. வாசிச்சிக்கிட்டே இருந்தேன்."

வண்டி கிளம்பிவிட்டது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது சொல்லியிருப்பாள். என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முதல் வளைவில் ஆஸ்பத்திரி மறைந்தது. வேதமுத்து கையைத் தொங்கப் போட்டபடி அங்கேயே நின்றிருந்தான்.

பாதை வளைந்து வளைந்து ஏறியது. இரண்டு பக்கமும் பனியில் தேயிலை. செல்லையா குழந்தையின் நாடியைப் பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு எண்ணியது. நவமணி கம்பளிச் சட்டையை எடுத்துக் குழந்தையின் மேல் போர்த்தினாள்.

அந்தப் பெண் அவள் முழங்கையைத் தொட்டாள்.

பிழைக்குமா என்று கேட்டாள்.

நவமணி செல்லையாவைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பார்க்கலாம், ஆண்டவர் இருக்கிறார், நம்பிக்கை வை. தமிழில் சொல்ல எத்தனையோ இருந்தது. அந்தப் பாஷையில் அவளிடம் இருந்தது பிள்ளைகள் பேசும் இரண்டே சொல். ஆமாம். இல்லை.

அந்தப் பெண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.